மழுங்கிய ரம்ப பிளேடுக்குச் சாணை: எதைக் கையால் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். மேசையின் நடுவே பிளேடு சுழலும் டேபிள் சாவில் போட்டிருக்கும் 10 அங்குல, 60 பல் பிளேடு மூன்று மாதத்திலேயே ப்ளைவுட்டைக் கருக்க ஆரம்பித்துவிட்டது. கையில் பிடித்து அறுக்கும் 4 அங்குல கட்டரில் உள்ள 40 பல் பிளேடு மைக்காவின் ஓரத்தைப் பிய்த்து எடுக்கிறது. சாணைக் கடைக்காரர் பல் கணக்கில் கூலி கேட்கிறார். வீடியோவில் ஒருவர் ஆங்கிள் கிரைண்டரை வைத்துப் பல்லைத் தீட்டிக் காட்டுகிறார். அப்படி நீங்களே தீட்டிக்கொள்ளலாமா, அல்லது ஒவ்வொரு முறையும் புதிது வாங்குவதுதான் வழியா என்பது உங்கள் ஐயம். இதில் இரண்டு கேள்விகள் பிணைந்திருக்கின்றன. இந்த பிளேடுகளுக்கு மறுபடியும் கூர்மை வருமா என்பது ஒன்று. அந்தக் கூர்மையை உங்கள் கையால் கொண்டுவர முடியுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பெரிய பிளேடைப் பொறுத்தவரை ஆம் என்பேன், சிறியதைப் பொறுத்தவரை அநேகமாக வேண்டாம் என்பேன். இரண்டாவது கேள்விக்கு ஓரளவு மட்டும் முடியும் என்பதே விடை. அந்த ஓரளவு எது என்பதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

கோயம்புத்தூரில் மரவேலைக் கருவிகளுக்குச் சாணை பிடிக்கும் ஒரு சிறு பட்டறையில் 22 ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். நான் அறிந்தது மரம், ப்ளைவுட், எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை), மைக்கா எனப்படும் லாமினேட் ஆகியவற்றை அறுக்கும் பிளேடுகளை மட்டுமே. இரும்பு, அலுமினியம் அறுக்கும் பிளேடுகளின் பல்லமைப்பும் கோணங்களும் வேறு. அவற்றுக்கு நான் சொல்வதைப் பொருத்திப் பார்க்க வேண்டாம். உங்கள் பிளேடை நான் கண்ணால் பார்க்கவில்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிளேடு தேறுமா தேறாதா என்ற இறுதி முடிவைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சாணையைப் பற்றிப் பேசுவதற்கு முன், பிளேடு உண்மையிலேயே மழுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ‘வெட்டவே மாட்டேன் என்கிறது’ என்று எங்களிடம் வந்த பிளேடுகளில் கணிசமானவற்றுக்குக் கழுவுதலே போதுமானதாக இருந்தது. மரப்பிசினும் ப்ளைவுட்டின் பசையும் சூட்டில் இளகிப் பல்லின் பக்கங்களிலும், பல்லுக்குப் பின்னால் உள்ள எஃகுத் தகட்டிலும் ஒட்டிக் காய்ந்து, கரும்பழுப்பு நிறத்தில் ஒரு மேலோடாகிவிடும். பல்லின் அகலம் தகட்டின் தடிப்பைவிடச் சற்றுக் கூடுதலாக வைக்கப்பட்டிருப்பதே தகடு மரத்தில் உரசாமல் போக வேண்டும் என்பதற்காகத்தான். அந்த இடைவெளி ஒரு பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் கூட இருக்காது. அதைப் பிசின் அடைத்துக்கொண்டால் தகடு உரசும், சூடாகும், சூட்டில் பிசின் இன்னும் இளகி ஒட்டும், மரம் கருகும். கருகிய வாடை வந்ததும் நாம் பல்லைக் குறை சொல்லிவிடுகிறோம்.

கழுவுவதற்குப் பெரிய பொருள் எதுவும் வேண்டாம். பிளேடு முழுவதும் படுக்கக்கூடிய ஒரு பிளாஸ்டிக் தட்டில் இரண்டு லிட்டர் அளவுக்கு வெந்நீர் ஊற்றி, இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவும் பாத்திரம் துலக்கும் திரவம் கொஞ்சமும் கலந்து, பிளேடை இருபது நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு பழைய பல்துலக்கியாலோ பித்தளைக் கம்பித் தூரிகையாலோ ஒவ்வொரு பல்லின் முகத்தையும் பக்கங்களையும் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து, உடனே வெயிலிலோ மின்விசிறியின் கீழோ உலர்த்தி, மெல்லியதாக மெஷின் எண்ணெய் தடவுங்கள். இரவு முழுக்க ஊறவிடுவதால் கூடுதல் பயன் இல்லை, துருதான் வரும். மண்ணெண்ணெயும் பிசினைக் கரைக்கும் என்பதால் பல பட்டறைகளில் அதுவே வழக்கம். தீ அபாயத்தையும் வாடையையும் கருதி நான் அதைத் தவிர்க்கிறேன். காஸ்டிக் சோடா கலந்த அடுப்புக் கறை நீக்கிகளைப் பற்றித்தான் தொழிலில் கருத்து வேறுபாடு உண்டு. பல்லைத் தகட்டில் பிடித்து வைத்திருக்கும் பற்றாசையும் பல்லுக்குள் இருக்கும் கோபால்ட்டையும் அது அரிக்கும் என்று சொல்பவர்களும், சில நிமிடப் பயன்பாட்டில் ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். சலவைச் சோடாவே வேலையை முடித்துவிடும்போது அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய தேவை எனக்கு இதுவரை ஏற்படவில்லை. ஒன்றை மட்டும் ஐயமில்லாமல் சொல்வேன்: கேஸ் டார்ச்சை வைத்துப் பிசினைப் பொசுக்காதீர்கள். தகட்டைத் தொழிற்சாலையில் உருளையாலோ சுத்தியலாலோ ஒரு குறிப்பிட்ட விறைப்புக்குக் கொண்டுவந்துதான் அனுப்புகிறார்கள். ஓரிடத்தில் மட்டும் சூடு ஏறினால் அந்த விறைப்புப் போய், ஓடும்போது தகடு அலையத் தொடங்கும். அதன் பிறகு எந்தச் சாணையும் அதைக் காப்பாற்றாது.

கழுவி மாட்டிய பிறகும் கருகினால், இயந்திரத்தைச் சந்தேகியுங்கள். டேபிள் சாவின் பக்கத் தடுப்பு பிளேடுக்கு இணையாக இல்லாமல் பின்பக்கம் சற்று நெருங்கியிருந்தாலே, எவ்வளவு கூரான பிளேடும் பலகையின் ஓரத்தைக் கருக்கும். பலகை பின்னோக்கி எகிறும் ஆபத்தும் உண்டு. பலகையைத் தயங்கித் தயங்கி மெதுவாகத் தள்ளினாலும் பல் வெட்டுவதற்குப் பதிலாகத் தேய்க்கும். பிளேடைத் திருப்பி மாட்டிவிட்டு மழுங்கிவிட்டது என்று கொண்டுவந்தவர்களும் உண்டு. அவர்களில் முப்பது வருட அனுபவமுள்ள ஒரு தச்சரும் அடக்கம் என்பதால் இதைச் சொல்ல நான் கூச்சப்படவில்லை.

இவையெல்லாம் சரியாக இருந்தால் பல்லைப் பாருங்கள். மின் இணைப்பைப் பிடுங்கி, பிளேடைக் கழற்றி, நகை பார்க்கும் பத்து மடங்கு லென்ஸும் ஒரு டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பி அனுப்பாது. இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். மழுங்கிய விளிம்பில் வெள்ளி நூல் போல ஒரு கோடு மினுங்கும். அந்த நூல் மெல்லியதாக இருந்தால் சாணைக்குச் சரியான நேரம். லென்ஸ் இல்லாமலே தெரியும் அளவுக்குத் தடித்திருந்தால் நீங்கள் தாமதித்துவிட்டீர்கள். பல்லின் இரண்டு மூலைகளையும் தனியாகப் பாருங்கள். மைக்காவைப் பிய்ப்பது பெரும்பாலும் நடு விளிம்பு அல்ல. உடைந்தோ உருண்டோ போன மூலைதான்.

இனி, அந்தப் பல் என்ன பொருள் என்று தெரிந்தால்தான் எதனால் தீட்டலாம் என்பது விளங்கும். நீங்கள் பயன்படுத்துவது டி.சி.டி. என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் வகை: எஃகுத் தகட்டின் நுனிகளில் டங்ஸ்டன் கார்பைடுத் துண்டுகளைப் பற்றாசு வைத்துப் பிடித்திருப்பார்கள். லேத் பட்டறைக்காரர்கள் இதை இன்றும் ‘விடியா’ என்பார்கள். 1920களில் ஜெர்மனியில் குருப் நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, ‘வைரம் போல’ என்று பொருள்படும் ஜெர்மன் சொற்களைச் சுருக்கி வைத்த வணிகப் பெயர் அது. டங்ஸ்டன் கார்பைடுத் துகள்கள் மிகக் கடினமானவை; அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கோபால்ட் அவ்வளவு கடினமில்லாதது. செங்கலும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவரைப் போல எண்ணிக்கொள்ளுங்கள். பல் மழுங்குவது பெரும்பாலும் செங்கல் தேய்வதால் நடப்பதில்லை. இடையிலுள்ள சுண்ணாம்பு அரிக்கப்பட்டு, செங்கற்கள் ஒவ்வொன்றாக உதிர்வதால் நடக்கிறது. ஈர மரத்திலுள்ள அமிலச் சத்துகள் கோபால்ட்டை அரிக்கின்றன. காய்ந்து இறுகிய பினாலிக் பசையும் மைக்காவின் கடினமான மேல்தாளும் விளிம்பை உப்புத்தாள் போலத் தேய்க்கின்றன. தேக்கு மென்மையாக அறுபடும் மரம்தான். ஆனாலும் அதன் உள்ளே இயற்கையாகவே சிலிக்கா படிந்திருக்கிறது. மணலில் இருக்கும் அதே பொருள் அது. பழைய வீட்டுத் தேக்கு உத்தரத்தை அறுத்தால் பிளேடு சீக்கிரம் போகிறது என்று நீங்கள் எழுதியிருந்ததற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம், உள்ளே முறிந்து கிடக்கும் ஆணியாகவும் இருக்கலாம். ஆணியாக இருந்தால் சில பற்கள் மட்டும் சில்லு தெறித்திருக்கும். சிலிக்காவாக இருந்தால் எல்லாப் பற்களும் ஒரே மாதிரி உருண்டிருக்கும். லென்ஸ் அதைச் சொல்லிவிடும்.

இந்தப் பொருளை நாம் உளி தீட்டும் சாதாரணச் சாணைக்கல் அசைப்பதில்லை. கல் தேயும், பல் சூடாகும், விளிம்பு அப்படியே இருக்கும். பச்சை நிறச் சிலிக்கன் கார்பைடு கல் கார்பைடைத் தேய்க்கும் என்றாலும் விளிம்பை நுணுக்கமாக உதிர்த்துச் சொரசொரப்பாக்கிவிடும். முறையாக வேலை செய்வது வைரத்தூள் பதித்த சக்கரமும் வைர அரமும்தான். அந்த வைரச் சக்கரத்தைப் பல்லுக்குப் பின்னாலுள்ள எஃகின் மேல் ஓட்டக்கூடாது. உயர்ந்த சூட்டில் வைரத்தின் கார்பன் இரும்போடு சேர்ந்து கரைந்து, சக்கரம் விரைவில் வீணாகும். சாணைக் கடையில் எஃகுக்குத் தனிச் சக்கரமும் கார்பைடுக்குத் தனிச் சக்கரமும் வைத்திருப்பது இதனால்தான்.

வீடியோவில் காட்டும் ஆங்கிள் கிரைண்டர் முறையை நான் ஏன் மறுக்கிறேன் என்பதற்கு ஒரு சிறு கணக்கு உண்டு. உங்கள் டேபிள் சா நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றுகிறது, நீங்கள் நிமிடத்துக்கு 3 மீட்டர் வேகத்தில் பலகையைத் தள்ளுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 60 பல் பிளேடில், நிமிடத்துக்கு 2,40,000 முறை ஏதோ ஒரு பல் மரத்தைத் தொடுகிறது. 3,000 மில்லிமீட்டரை அதனால் வகுத்தால், ஒரு பல்லின் பங்குக்கு வருவது 0.0125 மில்லிமீட்டர்; தலைமுடியின் தடிப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இப்போது ஒரே ஒரு பல் மற்றவற்றைவிட 0.1 மில்லிமீட்டர் உயர்ந்து நின்றால், அதன் பின்னால் வரும் ஏழெட்டுப் பற்கள் மரத்தைத் தொடாமலே கடந்துபோகும். உயர்ந்து நிற்கும் பல் அவற்றின் சுமையையெல்லாம் தானே சுமந்து, சீக்கிரம் சில்லு தெறித்துப் போகும். கையில் பிடித்த கிரைண்டரால் பல்லின் தலையை, அதாவது வெளிப்புறம் பார்த்து நிற்கும் மேற்பரப்பைத் தேய்த்து, அறுபது பற்களையும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குள் சமமாக நிறுத்தக்கூடிய கையை நான் பார்த்ததில்லை. வீடியோவில் அந்த பிளேடு ஒரு சட்டத்தை அறுத்துக் காட்டியிருக்கும் என்பதை நம்புகிறேன். மைக்கா ஒட்டிய பலகையை அறுத்துக் காட்டினார்களா என்று பாருங்கள்.

ஆனால் அதே கணக்கு கைவேலைக்கு ஒரு சிறிய வாசலையும் திறந்துவிடுகிறது. பல்லின் தலையைத் தேய்த்தால், தேய்த்த அளவு முழுவதும் உயரத்தில் குறையும். பல்லின் முகத்தை, அதாவது சுழலும் திசையைப் பார்த்து நிற்கும் தட்டையான பரப்பைத் தேய்த்தால், உயரம் மிகக் கொஞ்சமே குறையும். தலைப்பரப்பு 15 பாகை பின்சரிவும் முகம் 15 பாகை முன்சாய்வும் கொண்ட பல்லில், முகத்திலிருந்து எடுப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் உயரத்தில் குறைகிறது. ஒரு பல்லில் நீங்கள் தவறுதலாக 0.05 மில்லிமீட்டர் கூடுதலாக எடுத்துவிட்டாலும் உயர வேறுபாடு 0.015 அளவில்தான் நிற்கும். பிளேடு அதைப் பொறுத்துக்கொள்ளும். ஆகவே கையால் தீட்டுவதாக இருந்தால் முகத்தை மட்டும் தீட்டுங்கள். தலையையும் பக்கங்களையும் தொடவே தொடாதீர்கள். பக்கங்களைத் தேய்த்தால் அறுவையின் அகலமே குறைந்து, முதலில் சொன்ன உரசல் நிரந்தரமாகிவிடும். முகத்தைத் தேய்த்தாலும் அகலம் இம்மியளவு குறையத்தான் செய்யும், ஏனென்றால் பல் முன்னால் அகன்றும் பின்னால் குறுகியும் இருக்கும். ஓரிரு முறை தீட்டுவதில் அது பொருட்டாகாது.

செய்முறையைச் சொல்கிறேன். 600 எண் (தூளின் நுண்மையைக் குறிக்கும் எண்) கொண்ட, தட்டையான, நல்ல வைர அரம் ஒன்று வாங்குங்கள். பத்து அரங்கள் கொண்ட மலிவான தொகுப்பில் வைரத்தூள் ஒரு பிளேடு முடிவதற்குள் உதிர்ந்துவிடும். பிளேடை இரண்டு ப்ளைவுட் துண்டுகளுக்கு இடையில் வைத்து வைஸில் பிடியுங்கள். தொடங்கும் பல்லுக்கு மார்க்கரால் அடையாளம் இடுங்கள். ஒவ்வொரு பல்லின் முகத்திலும் மார்க்கர் மையைப் பூசிவிட்டு, அரத்தை முகத்தின் மேல் முழுவதும் படியவைத்து, ஒரு சொட்டுச் சோப்பு நீர் விட்டு, ஒரு தடவை மெதுவாக இழுத்துப் பாருங்கள். மை சமமாக அழிந்தால் அரம் சரியாகப் படிகிறது என்று பொருள். விளிம்பை ஒட்டி மட்டும் அழிந்தால் நீங்கள் அரத்தைச் சாய்த்துப் பிடித்து விளிம்பை உருட்டிக்கொண்டிருக்கிறீர்கள்; அப்படித் தீட்டுவதைவிடத் தீட்டாமல் விடுவது நல்லது. கை படிந்ததும் ஒவ்வொரு பல்லுக்கும் ஐந்து இழுப்பு என்று கணக்கு வைத்து, எல்லாப் பற்களுக்கும் ஒரே அழுத்தத்தில் கொடுத்துக்கொண்டே போங்கள். சில பிளேடுகளில் முகமே ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சாய்ந்திருக்கும். அதையும் மை காட்டிக்கொடுக்கும், அந்தச் சாய்வைப் பின்பற்றியே போக வேண்டும். அறுபது பல்லுக்கு முதல்முறை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இதனால் பிளேடு புதிதுபோல் ஆகுமா என்றால் ஆகாது. வெள்ளி நூல் மெல்லியதாக இருக்கும் நிலையில் செய்தால் அது மறையும். இன்னும் சில வாரங்களுக்கு நல்ல அறுவை கிடைக்கும். எத்தனை வாரம் என்பது நீங்கள் அறுக்கும் பொருளைப் பொறுத்தது. சில்லு தெறித்த பல்லையோ நன்றாக உருண்ட விளிம்பையோ கையால் மீட்க முடியாது, ஏனென்றால் அங்கே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டியிருக்கும். கை அரத்தால் அவ்வளவு எடுப்பதற்குள் முகம் வளைந்துவிடும்.

தீட்டும்போது எழும் தூளைப் பற்றி எங்கள் தொழிலில் பல ஆண்டுகள் யாரும் கவலைப்படவில்லை, நானும்தான். கோபால்ட் சேர்ந்த டங்ஸ்டன் கார்பைடு தூளை, உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு மிகுந்த பொருள்களின் வரிசையில் வைத்திருக்கிறது. அதைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு நுரையீரல் தடித்துச் சுருங்கும் தனி நோய் ஒன்று வருவதும் மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டது. மாதம் ஒருமுறை ஈரத்தோடு கையால் தீட்டுபவருக்கும் நாள் முழுக்கச் சக்கரத்தின் முன் நிற்பவருக்கும் உள்ள அபாயம் ஒன்றல்ல என்பது வெளிப்படை. இருந்தாலும் உலர்வாகத் தீட்டாதீர்கள், ஊதித் தட்டாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியை எறிந்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சமையலறைத் தொட்டியில் வைத்து அரத்தை அலச வேண்டாம்.

இப்போது சாணைக் கடை. பல் கணக்கில் கூலி கேட்பது ஏமாற்று அல்ல. அதுவே இத்தொழிலின் முறை. நல்ல கடையில் இயந்திரம் ஒவ்வொரு பல்லாக நகர்த்தி நிறுத்தி, முகத்தையும் தலையையும் அதனதன் கோணத்தில், குளிர்ச்சி நீர் ஓட, வைரச் சக்கரத்தால் தொடும். அதற்கு முன் கழுவி, தகடு நேராக இருக்கிறதா என்று பார்த்து, உடைந்த பல் இருந்தால் புதிய துண்டு பற்றவைத்துச் சமப்படுத்துவார்கள். கடையைத் தேர்ந்தெடுக்க விலையைக் கேட்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: முகம் மட்டுமா, தலையும் சேர்த்தா? ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகத் தலை சாய்ந்த பல்லின் கோணத்தை அப்படியே வைப்பீர்களா, தட்டையாக்கிவிடுவீர்களா? தட்டையாக்கிவிடுவோம் என்பவரிடம் ப்ளைவுட் பிளேடைக் கொடுக்காதீர்கள். அந்தச் சாய்வுதான் மேல்தாளைப் பிய்க்காமல் கத்திபோலக் கீறுகிறது. எத்தனை முறை தீட்டலாம் என்பதைப் பல்லின் தடிப்பு முடிவு செய்யும். முகத்திலிருந்து பின்னோக்கி மூன்று மில்லிமீட்டர் தடிப்புள்ள துண்டு பதித்த பிளேடு பல முறை தாங்கும். மலிவான பிளேடுகளில் துண்டு ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். ஓரிரு முறைக்குமேல் எதிர்பார்க்க முடியாது. கூலி புதிய பிளேடின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் வாடிக்கையாளரிடமே புதிது வாங்கச் சொல்லிவிடுவேன். உங்கள் 10 அங்குல பிளேடு நல்ல தடித்த பல் உள்ளதாக இருந்தால் கடைக்குக் கொடுப்பது நிச்சயம் லாபம்.

உங்கள் 4 அங்குல பிளேடுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பல் சிறியது, துண்டு மெல்லியது, விலையும் குறைவு. அதைத் தீட்டுவது, பிய்ந்த செருப்புக்குப் புதுச் செருப்பின் விலையில் வார் மாற்றுவது போன்றது. கழுவிப் பாருங்கள், சரியாகவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். இங்கே பாதுகாப்பும் இருக்கிறது. நம் ஊரில் 4 அங்குல மார்பிள் கட்டரில் மரப் பிளேடைப் போட்டு அறுப்பது சாதாரணமாகிவிட்டது. 110 மில்லிமீட்டர் பிளேடு நிமிடத்துக்கு 12,000 சுற்றில் ஓடினால் பல் நுனியின் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டரை ஒட்டி வரும். டேபிள் சாவின் 10 அங்குல பிளேடு 4,000 சுற்றில் மணிக்கு 190 கிலோமீட்டர். தளர்ந்த கார்பைடுத் துண்டு ஒன்று அந்த வேகத்தில் பிரிந்தால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பிளேடின் மேல் அச்சிட்டிருக்கும் அதிகபட்சச் சுற்று உங்கள் கட்டரின் சுற்றைவிடக் குறைவாக இருந்தால் அது புதியதாக இருந்தாலும் மாட்டாதீர்கள். ஆங்கிள் கிரைண்டரில் பல் வைத்த மரப் பிளேடைப் போடுவதை எந்த நிலையிலும் செய்ய வேண்டாம். அதன் காப்புமூடி அதற்கு ஏற்றதல்ல. பலகையில் பல் சிக்கினால் கருவி கையைவிட்டு எகிறும். அப்படி விரல் இழந்தவர்களை நான் அறிவேன்.

மார்பிள் கட்டர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கல் அறுக்கும் வைர பிளேடு வெட்டவில்லை என்று அதையும் சிலர் சாணைக்குக் கொண்டுவருவார்கள். அதற்குப் பல்லே கிடையாது. உலோகப் பிணைப்புக்குள் புதைந்திருக்கும் வைரத் துகள்கள்தான் கல்லைத் தேய்க்கின்றன; பிணைப்புத் தேயத் தேயப் புதிய துகள்கள் வெளியே வரும். கிரானைட் போன்ற மிகக் கடினமான கல்லைத் தொடர்ந்து அறுத்தால், வெளியே நிற்கும் வைரம் மழுங்கிவிடும்; பிணைப்போ போதிய அளவு தேயாது; விளிம்பு கண்ணாடிபோல வழுவழுப்பாகிவிடும். மணல் மிகுந்த சிமெண்டுக் கல்லிலோ மென்மையான செங்கல்லிலோ ஆழம் குறைவாகச் சில கோடுகள் அறுத்தால் பிணைப்பு சற்றுத் தேய்ந்து, புதிய வைரம் தலைகாட்டும். காசு செலவில்லாமல் கூர்மை திரும்பும் பிளேடு இது ஒன்றுதான்.

ஜிக்சா பிளேடுகளையும், பல் நுனி நீலக்கறுப்பாக இருக்கும் கைரம்பங்களையும் தீட்ட முயல வேண்டாம். முன்னது அதற்கு மதிப்பில்லாதது; பின்னதில் பல் நுனி தனியாகக் கடினப்படுத்தப்பட்டிருப்பதால் அரம்தான் மழுங்கும். கார்பைடு இல்லாத பழைய எஃகு வட்ட ரம்பம் உங்களிடம் இருந்தால் அது வேறு கதை: சாதாரண அரத்தாலேயே தீட்டலாம், பல்லை இடமும் வலமும் விரிக்கலாம். செங்கோட்டை போன்ற ஊர்களின் மர அறுவை ஆலைகளில் பட்டை ரம்பங்களைக் கழற்றித் தீட்டி மாட்டுவது அன்றாட வேலை. அவர்கள் ரம்பம் கருக்கும்வரை காத்திருப்பதில்லை. மழுங்கும் முன்பே கழற்றிவிடுவார்கள்.

நீங்கள் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான். மழுங்கல் ஒரே சீராக வளர்வதில்லை. விளிம்பு சற்று உருண்டதும் உரசல் கூடும், சூடு கூடும், அதன் பிறகு உருளல் வேகமெடுக்கும். முதல் நிலையில் சாணைக்குக் கொடுத்தால் முகத்திலிருந்து பத்தில் ஒரு மில்லிமீட்டர் எடுத்தால் போதும். கருகும்வரை ஓட்டிவிட்டுக் கொடுத்தால் மூன்று நான்கு மடங்கு எடுக்க வேண்டிவரும். அதாவது நான்கு சாணைக்கு வர வேண்டிய பல்லை ஒரே சாணையில் தின்றுவிடுகிறீர்கள். மூன்று மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வேலையளவுக்கு ஆறு வாரத்தில் ஒருமுறை லென்ஸ் வைத்துப் பாருங்கள். வாரம் ஒருமுறை கழுவுங்கள். இரண்டு பிளேடு வைத்துக்கொண்டு, ஒன்று கடையில் இருக்கும்போது மற்றொன்றை ஓட்டுங்கள். மைக்காவுக்கும் ப்ளைவுட்டுக்கும் வைத்த பிளேடில் பழைய தேக்கை அறுக்காதீர்கள். பலமுறை தீட்டி வயதாகிப்போன பிளேடை ஆணி இருக்கக்கூடிய மரத்துக்கு என்று ஒதுக்குங்கள். அது 24 அல்லது 40 பல் உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது. நார்வாக்கில் அறுக்க 60 பல் தேவையே இல்லை, அதுவும் கருகலுக்கு ஒரு காரணம்.

தீட்டுவதற்குத் தகுதியற்ற பிளேடு எது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பற்களுக்கு இடையிலுள்ள குழியிலிருந்து தகட்டுக்குள் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தால், அது எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், உடைத்துப் பழைய இரும்புக்குப் போடுங்கள். அப்படியே கொடுத்தால் வேறொருவர் எடுத்து மாட்டிவிடுவார். தகட்டில் லேசரால் வெட்டிய மெல்லிய பிளவுகள் பல பிளேடுகளில் வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கும். அவை ஒழுங்கான வடிவில், சம இடைவெளியில் இருக்கும், அவற்றை விரிசல் என்று எண்ண வேண்டாம். அந்தப் பிளவின் முனையிலிருந்து புதிதாக ஒரு கோடு கிளம்பியிருந்தால் மட்டும் அது விரிசல். தகட்டில் நீலம் பாய்ந்த திட்டு இருந்தாலும், மேசைமேல் படுக்க வைத்தால் ஆடினாலும் சாணைக்கூலி வீண்.

கடையிலிருந்து வந்த பிளேடையோ நீங்களே தீட்டிய பிளேடையோ முதன்முதலில் ஓட்டும்போது, மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு பல்லையும் மரக்குச்சியால் பக்கவாட்டில் அழுத்தி அசைகிறதா என்று பாருங்கள். அம்புக்குறி சுழலும் திசையைக் காட்டுகிறதா என்று உறுதி செய்துகொண்டு, காப்புமூடியைப் போட்டு, கண்ணாடி அணிந்து, பிளேடின் நேர்க்கோட்டில் நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள். அதிர்வோ புதிய சத்தமோ இல்லை என்றால், மைக்கா ஒட்டிய ஒரு வெட்டுத் துண்டை அறுத்து, கீழ்ப்பக்க ஓரத்தை லென்ஸில் பாருங்கள். தெறிப்பு ஒரே சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் ஏதோ ஒரு பல் உயர்ந்து நிற்கிறது; அந்த பிளேடைக் கழற்றிக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்து, அதே துண்டையும் கையோடு காட்டுங்கள்.